பழைய ஹார்டு டிஸ்க்கில் "அனுமதி இல்லை", சி டிரைவில் இடம் இல்லை: எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், எதைத் தொடக்கூடாது?

நெய்தல்

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டதால் வீட்டுக்கு விண்டோஸ் 11 கணினி வாங்கியாகிவிட்டது. பழைய கணினியின் 1 டிபி ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு இணைத்திருக்கிறேன். எஃப் டிரைவ் என்று காட்டுகிறது. மூன்று கேள்விகள்:

1. எஃப் டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பழைய கணக்கின் ஃபோல்டரைத் திறந்தால் "இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு இப்போது அனுமதி இல்லை" என்று சொல்லி கன்டின்யூ பட்டனைக் காட்டுகிறது. அழுத்தலாமா?

2. வீட்டில் இன்னொரு லேப்டாப்பில் 128 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவ் 119 ஜிபி என்று காட்டுகிறது, மிச்சம் 3 ஜிபிதான். வின்எஸ்எக்ஸ்எஸ், இன்ஸ்டாலர், சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன், விண்டோஸ்.ஓல்டு இவற்றில் எதை அழிக்கலாம்?

3. ரைட் கிளிக் மெனுவில் "டேக் ஓனர்ஷிப்" சேர்க்கும் ரெஜிஸ்ட்ரி ஃபைல் கிடைக்கிறதே, அதை வைத்து சி டிரைவ் முழுவதையும் ஒரே தடவையில் என் பெயருக்கு மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லையெல்லாம் தீராதா?

பழையதட்டு

மூன்றாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் செய்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் வேலையே இருக்காது. செய்யாதீர்கள்.

விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து சி டிரைவில் உள்ள சிஸ்டம் ஃபைல்களுக்கு உரிமையாளர் நீங்களும் இல்லை, அட்மினிஸ்ட்ரேட்டரும் இல்லை. ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற சர்வீஸ். விண்டோஸ் அப்டேட்டை உள்ளே நிறுவுவது அதுதான். அந்த ஃபைல்கள் மீது அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கே படிக்கவும் இயக்கவும் மட்டும்தான் உரிமை. சி டிரைவ் முழுவதற்கும் உங்கள் கணக்கை உரிமையாளராக்கி ஃபுல் கன்ட்ரோல் கொடுத்தால் நடப்பது என்ன? நீங்கள் திறக்கும் பிரவுசர், மின்னஞ்சலில் வந்த இணைப்பு, யாரோ கொடுத்த கேம் எல்லாமே உங்கள் கணக்கின் உரிமையில்தான் ஓடுகின்றன. அவை இனி விண்டோஸின் மைய ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32-க்குள் எழுதினாலும், "இதை அனுமதிக்கலாமா" என்று கேட்கும் யூஏசி கேள்வியே வராது.

பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், கணினியே நொண்டும். புரோகிராம் ஃபைல்ஸ் உள்ளே இருக்கும் விண்டோஸ்ஆப்ஸ் ஃபோல்டரின் அனுமதிகள் கலைந்தால் ஸ்டோர் வழியாக வந்த ஆப்கள் திறக்க மறுக்கும், அப்டேட் ஆகாது. விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று பின்வாங்கும். ஒவ்வொரு சிஸ்டம் ஃபோல்டருக்கும் தனித்தனி அனுமதிப் பட்டியல் உண்டு. ஒரே அடியில் மேலெழுதிவிட்டால் அந்தப் பழைய பட்டியல் எங்கும் மிச்சம் இருக்காது, "அன்டூ" கிடையாது.

இரவுச்சாரல்

முதல் கேள்விக்கு வரேன். கன்டின்யூ அமுக்கிறதுக்கு முன்னாடி அந்த டிஸ்க் நல்லா இருக்கான்னு பாருங்க. பழைய டிஸ்க்குன்னு வேற சொல்றீங்க. டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டுற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ புரோகிராமைப் போட்டு 05, சி5, சி6 மூணு வரியையும் பாருங்க. கடைசி "ரா வேல்யூஸ்" நெடுவரிசைல மூணுலயும் பூஜ்யம் இருந்தா நிம்மதி. சி5-ல எண் இருந்தா டிஸ்க் படிக்கமுடியாம திணறுற செக்டர் இருக்குன்னு அர்த்தம். சில யுஎஸ்பி கேஸ் இந்தத் தகவலை வெளிய விடாது. அப்ப டிஸ்க்கை நேரா சாட்டா கேபிள்ல மாட்டித்தான் பார்க்கணும்.

ஏன் இதைச் சொல்றேன்னா, கன்டின்யூ அமுக்கினா விண்டோஸ் உள்ள இருக்கிற ஒவ்வொரு ஃபைல்லயும் ஃபோல்டர்லயும் உங்க கணக்கு பேரை அனுமதிப் பட்டியல்ல எழுதுது. பச்சைக் கோடு ஓடிக்கிட்டே இருக்கிறது அதுக்குத்தான். லட்சக்கணக்கான ஃபைல் இருந்தா லட்சக்கணக்கான எழுத்து. சாகக்கிடக்கிற டிஸ்க்ல எழுதக்கூடாது, படிக்க மட்டும்தான் செய்யணும். சி5-ல எண் வந்திருந்தா காப்பி கூட வேண்டாம், முதல்ல லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ வச்சு முழு டிஸ்க்கையும் இன்னொரு டிஸ்க்குக்கு பிம்பமா எடுத்துட்டு, அந்தப் பிம்பத்துல வேலை பாருங்க.

கோப்புக்காரர்

டிஸ்க் நலமாக இருந்தாலும் கன்டின்யூ தேவையில்லை. ஏன் பூட்டியிருக்கிறது என்று தெரிந்தால் திறக்கும் வழியும் தெரியும்.

விண்டோஸ் அனுமதியைப் பெயரை வைத்து எழுதுவதில்லை. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்ணை வைத்து எழுதுகிறது. அந்த எண் ஒவ்வொரு கணினியிலும் புதிதாக உண்டாகும். பழைய கணினியிலும் புதியதிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் எண் வேறுதான். அதனால்தான் செக்யூரிட்டி டேபில் "அக்கவுன்ட் அன்னோன்" என்று ஓர் எண் தொங்கும்.

ஆனால் சில எண்கள் எல்லாக் கணினியிலும் ஒன்றே. அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு எங்கே போனாலும் எஸ்-1-5-32-544. சிஸ்டம் எங்கே போனாலும் எஸ்-1-5-18. பழைய யூசர் ஃபோல்டரில் இந்த இரண்டுக்கும் ஏற்கெனவே முழு அனுமதி இருக்கிறது. அப்படியானால் எக்ஸ்ப்ளோரர் ஏன் தடுக்கிறது? நீங்கள் அட்மின் கணக்கில் நுழைந்திருந்தாலும் எக்ஸ்ப்ளோரர் அட்மின் உரிமை கழற்றப்பட்ட நிலையில்தான் ஓடுகிறது. உயர் உரிமையோடு ஓடும் கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு அதே ஃபோல்டர் தானாகத் திறக்கும்.

எனவே: ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுங்கள். பிறகு கீழே உள்ள கட்டளை. ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது எல்லாம் ஆங்கில எழுத்து.

ரோபோகாப்பி "எஃப்:\யூசர்ஸ்\பழையபெயர்" "சி:\பேக்கப்" /இ /பி /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1 /லாக்:சி:\பேக்கப்லாக்.டிஎக்ஸ்டி

/இ என்றால் காலி ஃபோல்டர் உட்பட எல்லா உள்ஃபோல்டர்களும்.

/பி என்றால் பேக்கப் முறை. அனுமதிப் பட்டியலைப் பார்க்காமலே படிக்கும், எதையும் மாற்றாது. யாரோ எப்போதோ தனியாகப் பூட்டிவைத்த ஃபோல்டர் இருந்தாலும் வந்துவிடும்.

/எக்ஸ்ஜே-யை விட்டுவிடாதீர்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

/ஆர்:1 /டபிள்யூ:1 என்றால் தோற்றால் ஒரே தடவை, ஒரு விநாடி கழித்து மறுமுயற்சி. இதைக் கொடுக்காவிட்டால் ரோபோகாப்பியின் இயல்பு 10 லட்சம் மறுமுயற்சி, ஒவ்வொன்றுக்கும் இடையே 30 விநாடி. படிக்கமுடியாத ஒரே ஃபைலில் மாட்டி நின்றுவிடும்.

இரண்டு எச்சரிக்கை. மேற்கோள் குறியை மூடும் முன் பின்சாய்கோடு போடாதீர்கள், அப்படிப் போட்டால் முகவரியைத் தவறாகப் படித்துப் பிழை சொல்லும். வலையில் கிடைக்கும் கட்டளைகளில் /எம்ஐஆர், /காப்பிஆல் என்று இருந்தால் எடுத்துவிடுங்கள். முதலாவது, மூலத்தில் இல்லாததை எல்லாம் போய்ச்சேரும் ஃபோல்டரில் அழித்துவிடும். இரண்டாவது, பழைய எஸ்-1-5-21 எண்களையும் சேர்த்துக் கொண்டுவந்து அதே பூட்டைப் புது கணினியிலும் போட்டுவிடும். இரண்டும் இல்லாவிட்டால், காப்பியான ஃபைல்கள் புது ஃபோல்டரின் அனுமதியை இயல்பாகப் பெற்றுக்கொள்ளும்.

வடகரை

பழைய டிஸ்க்குக்கு இவ்வளவு சுற்று தேவையா? உரிமை எடுக்கும் டேக்ஓன் (takeown), அனுமதி கொடுக்கும் ஐகேக்கிள்ஸ் (icacls) இரண்டு கட்டளை போட்டால் எஃப் டிரைவ் முழுக்க உங்களுடையது. அதில் ஓடும் விண்டோஸ் எதுவும் இல்லையே, கெடுவதற்கு என்ன இருக்கிறது?

கோப்புக்காரர்

கேள்வி நியாயம்தான். அந்த டிஸ்க்கை இனிமேல் புது கணினியில் இரண்டாவது டிரைவாக வைத்துப் புழங்கப்போகிறார் என்றால் உரிமை எடுத்துக்கொள்வதே சரி. பிரிக்கவேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று, என்றாவது அந்த டிஸ்க்கைப் பழைய கணினியில் மறுபடி மாட்டி ஓட்டவேண்டியிருந்தால் அதன் விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டர்களைத் தொடக்கூடாது. யூசர்ஸ் உள்ளே உள்ள ஃபோல்டர் மட்டும். இரண்டு, உள்ளே உள்ள ஜங்ஷன்கள்.

உரிமை எடுப்பதானால்:

டேக்ஓன் /எஃப் "எஃப்:\யூசர்ஸ்\பழையபெயர்" /ஏ /ஆர் /டி ஒய்

/டி இங்கே ஆங்கில D. /ஏ கொடுத்தால் உரிமை உங்கள் தனிக் கணக்குக்குப் போகாமல் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்குப் போகும். அடுத்த கணினிக்கு மாறும்போதும் அது செல்லும், இன்றைய கணக்கின் எண் செல்லாது. பிறகு

ஐகேக்கிள்ஸ் "எஃப்:\யூசர்ஸ்\பழையபெயர்" /கிராண்ட் உங்கள்பெயர்:(ஓஐ)(சிஐ)எஃப்

அடைப்புக்குள் உள்ள ஓஐ, சிஐ இரண்டும், இந்த அனுமதி உள்ளே உள்ள ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் இறங்கவேண்டும் என்று சொல்கின்றன. அவை இல்லாவிட்டால் மேல் ஃபோல்டர் திறக்கும், உள்ஃபோல்டர் திறக்காது. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

பழையதட்டு

ஜங்ஷன் பற்றி. யூசர் ஃபோல்டரில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொன்னால் "அப்ளிகேஷன் டேட்டா", "மை டாக்குமென்ட்ஸ்", "லோக்கல் செட்டிங்ஸ்" என்று குட்டி அம்புக்குறியோடு சில ஃபோல்டர்கள் தெரியும். சி டிரைவின் வேரில் "டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்" கூட அப்படித்தான். திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். அவற்றுக்குள் எதுவும் இல்லை. எக்ஸ்பி காலத்து முகவரியைத் தேடும் பழைய புரோகிராமைப் புது முகவரிக்குத் திருப்பிவிடும் கைகாட்டிப் பலகை மட்டும்தான். உள்ளே பட்டியலிடுவதை எவருக்கும் மறுத்து "எவ்ரிஒன், டினை" என்று வேண்டுமென்றே எழுதியிருக்கிறார்கள்.

அந்த டினையை எடுத்துவிட்டால்? ஆப்டேட்டா\லோக்கல் உள்ளே இருக்கும் "அப்ளிகேஷன் டேட்டா" மறுபடி ஆப்டேட்டா\லோக்கலையே காட்டுகிறது. காப்பி எடுக்கும் புரோகிராம் அதற்குள் போய், மறுபடி அதே இடம், மறுபடி உள்ளே என்று பாதையின் நீளம் வெடிக்கும்வரை சுற்றும். 40 ஜிபி இருந்த ஃபோல்டர் டிஸ்க்கை நிரப்பிவிடும். ரோபோகாப்பியில் /எக்ஸ்ஜே கொடுப்பது இந்தச் சுழலுக்குள் இறங்காமல் இருக்கத்தான்.

நெய்தல்

நன்றி அண்ணா. 05, சி5, சி6 மூன்றும் பூஜ்யம். ரோபோகாப்பி ஓடி முடிந்தது. கடைசிப் பட்டியலில் "ஃபெயில்டு" நெடுவரிசையில் ஃபைல்ஸ் வரியில் 212 என்று இருக்கிறது. லாகில் பார்த்தால் பெரும்பாலும் ஒன்டிரைவ் ஃபோல்டரில் உள்ள படங்கள். பிழை எண் 5 இல்லை, வேறு ஏதோ. எக்ஸ்ப்ளோரரில் திறந்தால் 0எக்ஸ்8007016ஏ என்று வருகிறது. இதற்கு உரிமை எடுக்கவேண்டுமா?

இரவுச்சாரல்

இல்லீங்க, இது பூட்டு கிடையாது. அந்தப் படம் அந்த டிஸ்க்லயே இல்ல. ஒன்டிரைவ்ல "ஃபைல்ஸ் ஆன்-டிமாண்ட்" ஓடிக்கிட்டு இருந்திருக்கு. பேரும் அளவும் காட்டும், உள்ளடக்கம் மைக்ரோசாஃப்ட் சர்வர்ல. ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க. "சைஸ்" 4 எம்பின்னும் "சைஸ் ஆன் டிஸ்க்" 0-ன்னும் இருந்தா உறுதி. புது கணினியில அதே மைக்ரோசாஃப்ட் கணக்குல ஒன்டிரைவ் உள்ள போங்க, இல்ல பிரவுசர்ல போய் டவுன்லோட் பண்ணுங்க. டிஸ்க்கோட எவ்வளவு மல்லுக்கட்டினாலும் வராது.

லாகுல வேற எண் இருந்தா இப்படிப் பிரிச்சுக்குங்க. 5-ன்னா அனுமதி. 32-ன்னா வேற புரோகிராம் அந்த ஃபைலைப் பிடிச்சு வச்சிருக்கு, அனுமதிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ரிசோர்ஸ் மானிட்டர்ல சிபியூ டேபுக்குப் போய் "அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்" கட்டத்துல ஃபைல் பேரைத் தட்டினா எது பிடிச்சிருக்குன்னு காட்டும். 23-ன்னா டிஸ்க் படிக்கமுடியல, உடனே நிறுத்திட்டு மறுபடி சி5-ஐப் பாருங்க.

வடகரை

இன்னொரு வகையும் உண்டு. ஃபைல் ஐகானில் குட்டிப் பூட்டு இருந்தால் அது இஎஃப்எஸ் மறையாக்கம். ப்ரோ பதிப்பில் யாராவது ப்ராப்பர்ட்டீஸில் "என்கிரிப்ட் கன்டென்ட்ஸ்" டிக் போட்டிருப்பார்கள். உரிமை எடுத்தாலும் திறக்காது, ஏனென்றால் சாவி அந்தப் பழைய கணக்கின் சான்றிதழில் இருக்கிறது. பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால் டிஸ்க்கை அதிலேயே மாட்டி, பழைய கணக்கில் நுழைந்து, டிக்கை எடுத்துவிட்டு வாருங்கள். அதைவிட எளிய வழி இல்லை.

அப்படி மாட்டும்போதே பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். குரோம் ஃபோல்டரை ஆப்டேட்டாவிலிருந்து அப்படியே காப்பி செய்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. அதுவும் பழைய விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டது.

நெய்தல்

பூட்டு ஐகான் எதிலும் இல்லை. ஆனால் ஒரு விசித்திரம். அப்பாவின் கடைக் கணக்குக்கு ஒரு பழைய 32-பிட் புரோகிராம். அது எஃப் டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86) உள்ளே இருக்கிறது. அதன் டேட்டா ஃபைலின் தேதி 2019. ஆனால் போன மாதம் வரை கணக்கு எழுதியிருக்கிறார். அனுமதி இல்லாததால் பழைய ஃபைல் தெரிகிறதா?

கோப்புக்காரர்

பதறவேண்டாம், கணக்கு பத்திரமாக இருக்கிறது, வேறு இடத்தில். இதைப் பாருங்கள்:

எஃப்:\யூசர்ஸ்\பழையபெயர்\ஆப்டேட்டா\லோக்கல்\வர்ச்சுவல்ஸ்டோர்\புரோகிராம் ஃபைல்ஸ் (எக்ஸ்86)\புரோகிராமின் பெயர்

எக்ஸ்பி காலத்தில் எழுதப்பட்ட புரோகிராம்கள் தங்கள் டேட்டாவைத் தங்கள் ஃபோல்டரிலேயே எழுதும். விஸ்டாவுக்குப் பிறகு சாதாரண உரிமையோடு ஓடும் எதற்கும் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத அனுமதி இல்லை. அந்தப் பழைய புரோகிராம்கள் அப்படியே விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, அவை எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் ஒவ்வொருவரின் வர்ச்சுவல்ஸ்டோர் ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. படிக்கும்போதும் முதலில் அங்கே பார்க்கிறது. புரோகிராமுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. 32-பிட் புரோகிராமுக்கு மட்டும், அட்மினாக ஓட்டாதபோது மட்டும் இது நடக்கும்.

இதன் விளைவுகள் இரண்டு. அதே புரோகிராமை ஒரு நாள் "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்துத் திறந்தால் 2019-ன் கணக்கு தெரியும், எல்லாம் அழிந்ததுபோலத் தோன்றும். அப்போது புதிதாக எழுதினால் இரண்டு ஃபைலிலும் தனித்தனிக் கணக்கு ஓடத் தொடங்கும், பிறகு ஒன்றுசேர்ப்பது பெரும்பாடு. வீட்டில் இரண்டு பேர் இரண்டு விண்டோஸ் கணக்கில் அந்தப் புரோகிராமைத் திறந்தாலும் இதே கதி, ஆளுக்கு ஒரு வர்ச்சுவல்ஸ்டோர்.

புது கணினியில் புரோகிராமை நிறுவும்போது இடத்தை சி:\கணக்கு என்பதுபோலப் புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே கொடுங்கள். வர்ச்சுவல்ஸ்டோரில் உள்ள புது ஃபைல்களை அங்கே போடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸில் எழுத அனுமதி திறந்துவிடும் வழியைப் பலர் சொல்வார்கள். அது வேண்டாம், வெளியே நிறுவினாலே போதும்.

நெய்தல்

கிடைத்துவிட்டது! தேதி போன மாதம்தான். மிக்க நன்றி அண்ணா. இனி அந்த 128 ஜிபி லேப்டாப்.

பழையதட்டு

ஒவ்வொன்றாக.

வின்எஸ்எக்ஸ்எஸ்: விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களையும் அப்டேட்டுகளையும் வைத்திருக்கும் கிடங்கு. எக்ஸ்ப்ளோரர் காட்டும் அளவை நம்பாதீர்கள். அதில் உள்ள பல ஃபைல்கள் சிஸ்டம்32-ல் உள்ளவையேதான். ஒரே ஃபைலுக்கு ஹார்டு லிங்க் மூலம் இரண்டு பெயர், எக்ஸ்ப்ளோரர் இரண்டு தடவை எண்ணுகிறது. அட்மின் ப்ராம்ப்ட்டில்:

டிஸ்ம் /ஆன்லைன் /கிளீனப்-இமேஜ் /அனலைஸ்காம்போனன்ட்ஸ்டோர்

எக்ஸ்ப்ளோரர் காட்டும் அளவு, உண்மையான அளவு, அதில் விண்டோஸோடு பகிர்ந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். கடைசி வரியில் துப்புரவு பரிந்துரைக்கப்படுகிறதா என்பதற்கு "யெஸ்" இருந்தால் மட்டும் அதே கட்டளையில் கடைசிச் சொல்லை ஸ்டார்ட்காம்போனன்ட்கிளீனப் என்று மாற்றிக் கொடுங்கள். விண்டோஸ் தானாகவும் இதைச் செய்யும், ஆனால் புது அப்டேட் வந்தபின் பழையதை 30 நாள் வைத்திருந்துவிட்டுத்தான். கையால் கொடுத்தால் காத்திருக்காது. கையால் எந்த ஃபைலையும் இங்கே அழிக்கவேண்டாம், ஒன்றுகூட.

இன்ஸ்டாலர்: விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும். ஒவ்வொரு புரோகிராமையும் பழுதுபார்க்கவும் நீக்கவும் தேவையான எம்எஸ்ஐ, எம்எஸ்பி ஃபைல்கள். அழித்தால் இன்று ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து ஆஃபீஸுக்கு அப்டேட் வரும்போதோ ஒரு புரோகிராமை நீக்கும்போதோ "தேவையான மூல ஃபைல் கிடைக்கவில்லை" என்று நிற்கும். தொடாதீர்கள்.

விண்டோஸ்.ஓல்டு: இதை அழிக்கலாம், ஆனால் டெலீட் கீயால் அல்ல. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். அங்கே "ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்" டிக் போட்டு நீக்குங்கள். மேம்படுத்திய 10 நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்ப இது வேண்டும், அதன் பிறகு விண்டோஸே அழித்துவிடும். அதே பக்கத்தில் "டவுன்லோட்ஸ்" என்று ஒரு வரி இருக்கும். அது உங்கள் சொந்த டவுன்லோட்ஸ் ஃபோல்டர். டிக் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவுச்சாரல்

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் நான் சொல்றேன். கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்து வைக்கிற ரெஸ்டோர் பாயின்ட்டும் நிழல் பிரதியும் அதுக்குள்ளதான். சிஸ்டம் கணக்கைத் தவிர யாருக்கும் திறக்காது, திறக்கவும் வேண்டாம், உள்ள இருக்கிறது ஃபைலா படிக்கிற மாதிரி இருக்காது. அளவைக் குறைக்க வெளியிலிருந்தே வழி இருக்கு. வின் கீ + ஆர் அமுக்கி சிஸ்டிஎம்.சிபிஎல்-னு (sysdm.cpl) தட்டுங்க. "சிஸ்டம் ப்ரொடக்ஷன்" டேப், சி டிரைவைத் தேர்ந்து "கான்ஃபிகர்". "மேக்ஸ் யூசேஜ்" கோட்டை இழுத்து 3 ஜிபி மாதிரி வைங்க, உடனே பழைய பாயின்ட் எல்லாம் கழியும். முழுசா ஆஃப் பண்ணாதீங்க. டிரைவர் சொதப்பினா திரும்பிப்போக அது ஒரு நல்ல வழி.

யுஎஸ்பி பென்டிரைவுலயும் இதே பேர்ல ஒரு ஃபோல்டர் வரும், வைரஸ்னு நினைச்சு பலர் பயப்படுறாங்க. விண்டோஸ் போடுறதுதான். அங்க எஃப்ஏடி32 ஃபார்மட்டுங்கறதால அனுமதிப் பட்டியலே கிடையாது, அதான் திறக்குது. அழிச்சாலும் அடுத்த தடவை சொருகினா வரும்.

அடுத்து ஹைபர்ஃபில், ஹைபர்னேட் ஆகும்போது ரேம்ல இருக்கிறதை எழுதி வைக்கிற ஃபைல். சி வேர்ல மறைஞ்சிருக்கும், இயல்பா ரேம்ல 40 சதவீதம். 8 ஜிபி ரேம்னா 3.2 ஜிபி. அட்மின் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி /ஹெச் /டைப் ரெடியூஸ்டு கொடுத்தா 20 சதவீதத்துக்கு இறங்கும், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் நிக்காது, ஹைபர்னேட் மட்டும் போயிடும். பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப் கொடுத்தா முழு 3.2 ஜிபியும் கிடைக்கும், ரெண்டுமே போயிடும். எஸ்எஸ்டி லேப்டாப்புக்கு ஆஃப் பண்றதே நல்லதுன்னு என் கருத்து. எஸ்எஸ்டில பூட் ஆகுற நேரத்துல பெரிய வித்தியாசம் தெரியாது.

வடகரை

டிஸ்ம்மில் /ரீசெட்பேஸ் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்குமே?

பழையதட்டு

கிடைக்கும். ஆனால் அதன் பிறகு இதுவரை நிறுவிய எந்த அப்டேட்டையும் நீக்கமுடியாது. பிரின்டரையோ வைஃபையையோ கெடுக்கும் அப்டேட் மாதத்துக்கு ஒன்று வர வாய்ப்புள்ள நிலையில், ஒன்றிரண்டு ஜிபிக்காக அந்தக் கதவை மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 3 ஜிபி மட்டும் மிச்சமிருக்கும் கணினியில்கூட முதலில் மற்றவற்றைச் செய்து பார்க்கவேண்டும்.

தேனருவி

இழையைப் படித்துக்கொண்டு வந்தேன், எனக்கும் தொடர்பான கேள்வி. தம்பி ஒரு கேமின் ஃபைலை மாற்ற விண்டோஸ்ஆப்ஸ் ஃபோல்டரின் உரிமையை எங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டான். இப்போது கால்குலேட்டர், போட்டோஸ் இரண்டும் திறக்கவில்லை. திரும்ப மாற்றமுடியுமா?

கோப்புக்காரர்

உரிமையைத் திருப்பிக் கொடுப்பது எளிது. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே ஓனர் பக்கத்தில் "சேஞ்ச்". "லொகேஷன்ஸ்" உங்கள் கணினியின் பெயரில் இருக்கவேண்டும். பெட்டியில் என்டி சர்வீஸ்\ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் என்று முழுதாகத் தட்டுங்கள். என்டி-க்கும் சர்வீஸுக்கும் நடுவே இடைவெளி உண்டு, ட்ரஸ்டட்-க்கும் இன்ஸ்டாலருக்கும் நடுவே இல்லை. முன்பாதியை விட்டுவிட்டு வெறும் ட்ரஸ்டட்இன்ஸ்டாலர் என்று தட்டினால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று சொல்லும். "செக் நேம்ஸ்" அழுத்தி அடிக்கோடு விழுந்தால் ஓகே.

ஆனால் உரிமையாளர் வேறு, அனுமதிப் பட்டியல் வேறு. ஃபுல் கன்ட்ரோல் கொடுக்கும்போது "ரீப்ளேஸ் ஆல் சைல்டு ஆப்ஜெக்ட் பெர்மிஷன்ஸ்" என்ற டிக்கையும் போட்டிருந்தால் உள்ளே உள்ள ஒவ்வொரு ஆப்பின் தனிப் பட்டியலும் அழிந்திருக்கும். முதலில் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸில் கால்குலேட்டருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளி, "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", "ரிப்பேர்", பிறகு "ரீசெட்". அதற்கும் மசியாவிட்டால் எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் மேல் நம்பிக்கை வைக்காதீர்கள். அது சிதைந்த சிஸ்டம் ஃபைலை மாற்றும், ஸ்டோர் ஆப்களின் அனுமதிப் பட்டியலை மீட்டுக் கட்டாது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரியில் "ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்" என்று இருந்தால் "ரீஇன்ஸ்டால் நவ்" கொடுங்கள். சொந்த ஃபைல்களும் ஆப்களும் இருக்கும், விண்டோஸ் மட்டும் மேலே புதிதாக அமரும். அந்த வசதி இல்லாத பதிப்பானால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் விண்டோஸை நிறுவும் ஐஎஸ்ஓ ஃபைலை எடுத்து, டபுள் கிளிக் செய்து, செட்டப்பை ஓட்டி, "கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்" தேர்ந்தாலும் அதேதான். அதற்கு சி-யில் 20 ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஃபோல்டரின் அனுமதியையும் மாற்றும் முன் ஐகேக்கிள்ஸ் "ஃபோல்டர்" /சேவ் "பதிவு.டிஎக்ஸ்டி" /டி /சி (இங்கே டி ஆங்கில T) என்று கொடுத்துப் பழைய பட்டியலைச் சேமிப்பது நல்ல வழக்கம். திருப்பும்போது /ரீஸ்டோர்-ஐ அந்த ஃபோல்டரின் மேல் அல்ல, அதற்கு ஒரு படி மேலே உள்ள ஃபோல்டரின் மேல் கொடுக்கவேண்டும். சேமிப்பில் உரிமையாளரின் பெயர் வராது, அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்

லேப்டாப்பில் டெம்பரரி ஃபைல்ஸ், டிஸ்ம், ஹைபர்ஃபில், ரெஸ்டோர் அளவு நான்கும் செய்தபின் காலி இடம் 24 ஜிபி. பெரும்பகுதி விண்டோஸ்.ஓல்டு. ஒரு கேள்வி மட்டும் பாக்கி: காப்பி முடிந்த பழைய டிஸ்க்கில் உள்ள சிஸ்டம் ஃபோல்டர்களை அழித்து அதை பேக்கப் டிரைவாக்கலாமா?

இரவுச்சாரல்

ஃபோல்டர் ஃபோல்டரா அழிக்காதீங்க, ட்ரஸ்டட்இன்ஸ்டாலரோட ஒவ்வொண்ணுக்கும் மல்லுக்கட்டணும். அப்பா புது கணினில கணக்கைத் திறந்து ஒரு மாசம் ஓட்டட்டும், ஒன்டிரைவ் படம் எல்லாம் இறங்கட்டும். அதுவரை டிஸ்க்கைக் கழட்டி வைங்க. அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்ல அந்த டிஸ்க்கோட எண்ணை ரெண்டு தடவை சரிபாத்து, எல்லா பார்ட்டிஷனையும் நீக்கி, என்டிஎஃப்எஸ்ல ஒரே பார்ட்டிஷனா ஃபார்மட் பண்ணுங்க. ஆரம்பத்துல இருக்கிற குட்டி இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு (கணினி பூட் ஆகத் தேவையானது) "டெலீட்" மங்கலா இருக்கும். அதுக்கு அட்மின் ப்ராம்ப்ட்ல டிஸ்க்பார்ட், லிஸ்ட் டிஸ்க், செலெக்ட் டிஸ்க் எண், கிளீன். கிளீன் ஒரு கேள்வியும் கேக்காது, அதனால அதைத் தட்டுறதுக்கு முன்னாடி மறுபடி லிஸ்ட் டிஸ்க் கொடுத்து நட்சத்திரக் குறி 1 டிபி வரிக்கு முன்னாடி நிக்குதான்னு பாருங்க.